பெட்டிக்காரரின் வயிறு

ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை டாக்டர் இரண்டு முறை படித்தார். அட்டைப்பெட்டிப் பட்டறை நடத்தும் பெட்டிக்காரர் டாக்டரின் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்தான், ஆனால் முகம் படிப்பதில் அவரை மிஞ்ச ஆள் பிறந்து வரவேண்டும். சரக்கு எடுக்க வருகிறவன் வாங்குவானா, வாய்ப்பேச்சோடு போவானா என்று வாசற்படி ஏறும்போதே சொல்லிவிடுவார். டாக்டர் முகத்தில் நல்ல சேதி இல்லை.

"ரத்தத்துல கோதுமை எதிர்ப்பு அளவு ஆறு மாசத்துக்கு முன்னாடி நூத்தி எண்பத்தாறு. இப்போ நூத்தி எண்பது. இந்நேரம் பாதியாவது குறைஞ்சிருக்கணும். மறைக்காம சொல்லுங்க, எங்கேயாவது ரொட்டி, பிஸ்கட்டுன்னு கை வைக்கிறீங்களா?"

"நான் ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான் டாக்டர். நாப்பது வருஷத் தொழில். ஒருத்தர்கிட்ட வார்த்தை மாறினதில்லை. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

"நான் தொழிலைக் கேக்கலை. வயித்தைக் கேக்கறேன்."

கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற ஒன்று அவர் குடலுக்கு ஆகாது. உள்ளே போனால் குடலின் உள்தோலைத் தேய்த்துவிடும். அப்புறம் பால், பழம் என்று எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. அப்படித்தான் ஓயாத வயிற்றுப்போக்கில் பதினான்கு கிலோ கரைந்து, மாடிப்படி ஏறினால் கண் இருட்டுகிற நிலைக்கு வந்திருந்தார். ஒரு ரொட்டித் தூள்கூட ஆகாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் ஒரு தூளும் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை.

"இன்னும் மூணு மாசம் பார்ப்போம். அப்பவும் குறையலைன்னா, குழாய் விட்டுக் குடல்ல கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பரிசோதிக்கணும். ஒழுங்கா இருந்தும் குறையலைன்னா, வேற எதாவது இருக்கலாம். அரிதுதான். ஆனா பார்க்காம விட முடியாது."

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி கேட்டாள். "கட்டி மாதிரியா?"

டாக்டர் பேனா மூடியைத் திருகினார். "அதை அப்போ பார்த்துக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து பயம் அவரோடு குடும்பம் நடத்தத் தொடங்கியது. கையில் ஒரு கத்தரிக்கோலோடு வந்து எட்டுப் பேருக்கு வேலை கொடுக்கிற அளவுக்கு எழுந்த மனுஷன். பட்டறை இரண்டு முறை வெள்ளத்தில் போனபோதும் அசையாதவர். இப்போது வயிறு லேசாகக் கடமுடா என்றாலே கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு நின்றார். திருட்டுத்தனமாகத் தின்றிருந்தால், தின்பதை நிறுத்தினால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். தின்னாதவனுக்கு எதை நிறுத்துவது? யோக்கியனாக இருந்த பாவத்துக்கு வயிற்றுக்குள் கட்டி. ஒரு பன்னையாவது தின்று தொலைத்திருக்கக் கூடாதா என்று அவர் மனசார வருத்தப்பட்டார்.

அட்டைக் கட்டு நிறுக்கும் தராசில் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை ஏறி நின்றார். முள் நாற்பத்தொன்பதிலேயே நின்றது.

மனைவி வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். பழைய மரக்கரண்டி, சல்லடை, மாவு டப்பா எல்லாம் குப்பைக்குப் போயின. கடையில் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாக்கெட்டுகளின் முதுகில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். சாஸ் பாட்டிலில் கோதுமை இருந்தது. பொடிப் பாக்கெட் ஒன்றில் கட்டி பிடிக்காமலிருக்க மாவு கலந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும்போதும் இருவருக்கும் மூச்சு வந்தது, இதுதான் காரணம் என்று. ஆனால் பாட்டிலும் பாக்கெட்டும் போனபிறகும் காலையில் அதே வயிற்றுப்போக்கு.

கடைசியில் அவளுக்குச் சந்தேகம் அவர் மேலேயே விழுந்தது.

"பட்டறைக்கு எதிர்ல டீக்கடை இருக்கு. கண்ணாடிப் பெட்டி நிறைய பன்னு இருக்கு. உண்மையைச் சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்."

"தின்னிருந்தா ஆமான்னு சொல்லிட்டு நிம்மதியா இருப்பேனே. சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையேடி."

"அப்ப நாளைக்கு நானும் வர்றேன்."

வந்தாள். சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். நீளமான கூடம் அது. ஒரு பக்கம் அட்டை அடுக்கு, நடுவில் ஒட்டும் மேசைகள், பின்சுவரோரம் அடுப்பு. செருப்புப் பெட்டி, சட்டைப் பெட்டி, கேக் பெட்டி என்று எட்டுப் பெண்கள் கை ஓயாமல் மூலை மடக்கி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா, முதலாளியை யாராவது தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு காவலா?" என்றாள் முதல் மேசைக்காரி.

"தூக்கறதுக்கு என்ன இருக்கு, எலும்புதான். அதையாவது விட்டுவைக்கட்டுமேன்னு பார்க்கறேன்."

மேசைகள் சிரித்தன. பெட்டிக்காரர் சிரிக்கவில்லை. பன் தின்கிற ஆளாகப் பிடிபட்டால் தேவலை என்று நினைத்தபடி அடுப்புப் பக்கம் போனார்.

பசை கொதித்துக்கொண்டிருந்தது. கடைப் பசையை அவர் வாங்கினதே இல்லை. தானே காய்ச்சுவார். அவர் பசையில் ஒட்டின பெட்டியைப் பிரிக்க வேண்டுமென்றால் அட்டைதான் கிழியும், ஒட்டுப் பிரியாது. ஊரில் எந்தப் பட்டறைக்காரனும் அதை மறுத்துப் பேசமாட்டான். துடுப்பால் இரண்டு சுற்றுச் சுற்றினார். ஆள்காட்டி விரலில் கொஞ்சம் வழித்து நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடினார். திரும்பி மூலையில் துப்பிவிட்டு, "ரெண்டு நிமிஷம். இறக்கிடலாம்" என்றார்.

"என்னங்க அது?" ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

"பதம் பார்த்தேன். நேத்துப் பசை கொஞ்சம் சேர்த்திருக்கு. புளிப்பு ஏறியிருந்தா பெட்டியில பூச்சி பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும்."

"பசை எதுல காய்ச்சறீங்க?"

"மைதால. வேற எதுல..."

துடுப்பு அவர் கையிலேயே நின்றது. ஒட்டுகிற கைகளும் நின்றன. மைதா எதிலிருந்து வருகிறது என்று அந்தக் கூடத்தில் தெரியாதவர் யாரும் இல்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" அவள் குரல் கீழே போயிருந்தது.

"நாலு. வேலை அதிகமிருந்தா ஆறு."

அடுப்புக்கு மேலே இருந்த பலகை, மின்விசிறி இறக்கை, தன் சட்டைக் கை, எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படிந்திருந்த தூளை அவர் அப்போதுதான் பார்த்தார். நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே தூள்தான். உட்கார இடம் தேடினார். எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

மத்தியானமே டாக்டரிடம் போனார்கள்.

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"நீங்க சாப்பாட்டைத்தானே கேட்டீங்க. பசை சாப்பாடு இல்லையே. துப்பிடுவேன் வேற."

"துப்பினதுல முக்காவாசி வெளியே போயிருக்கும். மீதி? மூச்சோட போற மாவு? இதுவே காரணமா இருக்கலாம். ஆனா இது மட்டும்தானான்னு மூணு மாசம் கழிச்சுதான் சொல்ல முடியும்."

ஆக, பயம் கலையவில்லை. அதற்கு ஒரு தவணை மட்டும் கிடைத்தது.

மாவு மூட்டைகளை அன்றே வெளியேற்றினார். பெண்கள் கூடத்தைக் கழுவித் தள்ளுகிறவரை தெருவில் நின்றார். மரவள்ளிக்கிழங்கு மாவில் புதுப் பசை காய்ச்சச் சொன்னார். முதல் வாரத்துப் பெட்டிகள் மூலையில் வாய் பிளந்தன. செருப்புக் கடையிலிருந்து ஒரு வண்டிச் சரக்குத் திரும்பி வந்தது. அவர் வாழ்நாளில் அப்படி நடந்ததில்லை. வேறு சமயமாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார். இப்போது, "தண்ணியைக் குறைச்சுப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அடுப்புப் பக்கம் போனால் விரல் தானாகக் கிளம்பி வாய்க்கு வந்தது. பசையில் கோதுமை இல்லைதான். ஆனால் கை எங்கெங்கே பட்டதோ. முகத்துக்குக் குறுக்கே துணி கட்டிக்கொண்டார். சாயங்காலம் துணியை அவிழ்த்தால் வாய்க்கு நேராக விரல் பட்ட வெள்ளைத் தடம் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மறுபடி போய்க் கை கழுவினார். தராசு முள் ஐம்பதைத் தொட்டது, மறுபடி இறங்கியது. இறங்கின அன்று அவர் மறுபடி மறுபடி தராசில் ஏறினார்.

மூன்று மாதம் கழிந்தது. டாக்டர் காகிதத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்தார்.

"தொண்ணூத்தி நாலு. இப்போதைக்குக் குழாய் வேண்டாம். இன்னும் இறங்கணும். இதே மாதிரி இருங்க. மூணு மாசத்துல மறுபடி பார்ப்போம்."

"நான் சொல்லலையா டாக்டர், நான் பன் தின்னலைன்னு" என்றார் பெட்டிக்காரர். குரல் கணீரென்றுதான் இருந்தது. எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மனைவிக்கு முன்னால் விறுவிறுவென்று வெளியே வந்தார்.

மாடிப்படியில் நாலு படி இறங்கியதும் முழங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடத் தொடங்கின. கைப்பிடியைப் பிடித்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே ஏறுகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

மனைவி ஒரு படி கீழே போய் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"கண் இருட்டுதா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

"பயமா இருக்குடி" என்றார் அவர். இந்த ஒன்பது மாதத்தில் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியும்" என்றாள் அவள். "ஆட்டம் நிக்கட்டும். மெதுவா இறங்கலாம்."