முதல் பிரேமில் நான் கொத்திய சுழி

2009இல் என் அண்ணை பிரான்சின் லா சப்பலில், மரக்கறிக் கடைகளுக்குப் பின்னாலிருந்த கராஜ் ஒன்றில், பந்தய மோட்டார் சைக்கிள்களுக்குப் பிரேம் செய்யும் கொம்பனியைத் தொடங்கினார். ஆட்கள் மூன்று பேர். அண்ணை குழாய் வளைத்துப் பிரேம் செய்தார். பந்தயத்தில் ஓடியதும் அவரே. அண்ணி பிரெஞ்சில் பேப்பர் வேலை பார்த்தார். நான் வெல்டிங். ஐந்தாம் வகுப்போடு நின்ற கூச்சக்காரனுக்கு வெல்டிங் முகமூடி பெரிய வசதி. அதைப் போட்டிருப்பவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. வேலை இல்லாத நேரத்திலும் போட்டிருந்தேன்.

முதல் பிரேமில் இலக்கம் பொறிக்கும் வேலையை என்னிடம் தந்தார்கள். எண் அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கடைச் சாமானுக்குத் துண்டு எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போடுவோம். வெறுமனே தொடங்க எனக்குக் கை வரவில்லை. சிற்றுளியால் ஒரு சுழி கொத்திவிட்டுத்தான் இலக்கத்தை அடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

கேட்டவர், அந்தப் பிரேமில் பூட்டிய வண்டியை அண்ணை முதன்முதலாக ஓட்டப் போன பந்தயத் திடலின் பரிசோதகர். பிரேமில் இருக்கும் அடையாளம் பேப்பரில் இல்லை, இலக்கத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள், இந்த வண்டி ஓடாது என்றார். ஓட்டத்தைப் பார்த்துவிட்டுப் பிரேம் வாங்குவதாகச் சொல்லியிருந்த ஒரேயொரு ஆள் வேலியோரம் காத்து நின்றார். அவரும் போய்விட்டால் கராஜை மூட வேண்டியதுதான். பேப்பரைப் பிழையாக நிரப்பிவிட்டதாக அண்ணை அண்ணியின் மேல் பாய்ந்தார். நான் நாங்கள் வந்த வாகனத்துக்குப் பின்னால் நின்று, ஏற்கெனவே இறுகியிருந்த நட்டை இறுக்கினேன்.

செய்யாத பிழையைத் தேடி அண்ணி அதே தாள்களை மூன்றாம் முறையும் புரட்டுவதைக் கண்ட பிறகுதான் என் கால் நகர்ந்தது.

“அண்ணை, அது நான் போட்ட பிள்ளையார் சுழி.”

“இரும்பிலையுமோடா?”

“ஓம்.”

“இவ்வளவு நேரமும் உங்கை நிண்டு என்ன செய்தனி?”

“நட்டு இறுக்கினனான்.”

அண்ணி சிரித்துவிட்டார். பரிசோதகருக்கு அதை எப்படி விளங்கப்படுத்தினாரோ தெரியாது. இடையிடையே இருவரும் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் பரிசோதகர் பேனையை என்னிடம் நீட்டி, பேப்பரிலும் அதே அடையாளத்தைப் போடச் சொன்னார். பிரான்சில் நான் யாரையும் கேட்காமல் நிரப்பிய ஒரே பேப்பர் அதுதான்.

ஓட்டத்தில் அண்ணை கடைசிக்கு முந்தின ஆளாக வந்தார். பிரேம் முறியவில்லை. வேலியோரத்து ஆள் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார், அந்தச் சுழியோடு.

அதன் பிறகு ஒவ்வொரு பிரேமிலும் நானே கொத்துகிறேன். வாங்க வருபவர்கள் கொம்பனி முத்திரை என்று நினைத்துத் தடவிப் பார்ப்பார்கள், யார் போட்டது என்று கேட்பார்கள். அண்ணை என் பக்கம் கை காட்டுவார். நான் முகமூடிக்குள் இருப்பேன்.