பத்துக்கு ஒன்று குறைந்த கட்டு

அவளுக்குக் காலில் சக்கரம் என்று அம்மா சொல்வாள். சாப்பிட உட்கார்ந்தாலும் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேசையில் தண்ணீர் டம்ளர் நடுங்கும்.

"சும்மா இருடி. வீடே ஆடுது."

ரக்பி அணியில் அவளை எல்லோரும் ஆணி என்றுதான் கூப்பிட்டார்கள். எட்டுப் பேர் கைகோத்துக் குனிந்து, எதிரணியின் எட்டுப் பேரைத் தோளால் முட்டித் தள்ளுவதற்கு ஸ்க்ரம் என்று பெயர். அதில் முன்வரிசை இடது ஓரம் அவளுடைய இடம். அறைந்து இறக்கியதுபோல நிற்பாள். வேறெங்கும் நிற்கத் தெரியாதவளுக்கு அங்கே மட்டும் நிற்கத் தெரிந்தது.

பகலில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. சூட்டோடு வரும் படுக்கை விரிப்புகளை மடித்துப் பத்துப் பத்தாக அடுக்க வேண்டும். எதிர் மேசையில் தங்கை அவற்றை நாடா போட்டுக் கட்டுவாள். இருபத்திரண்டு வயதில் ஆணி ஈரத்துணி வண்டியை ஒற்றை ஆளாகத் தள்ளிப்போனதைப் பார்த்த ஒரு நர்ஸ்தான் அவளை மைதானத்துக்கு அழைத்துப்போனாள். அதன்பிறகு பன்னிரண்டு வருஷம், ஒன்பது நாடுகள், இரண்டு முறை உடைந்த மூக்கு, கசக்கிப் போட்ட காகிதம்போல ஆகிவிட்ட இடது காது. ஞாயிறு இரவு விமானத்தில் வந்து இறங்கி, திங்கள் காலை ஆறு மணிக்கு விரிப்பு மடிக்க நிற்பாள்.

இத்தனை வருஷத்தில் அம்மா ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. இந்தச் சனிக்கிழமைதான் முதன்முறையாக நாட்டு அணியின் ஆட்டம் சொந்த ஊரில் நடக்கப்போகிறது. அடுத்த வருஷம் இளசுகளை எடுக்கப்போகிறார்கள் என்பதும் ஆணிக்குத் தெரியும்.

"வர்றேன், வர்றேன்" என்றாள் அம்மா. "அங்க போய் நீ என்னத்தக் கிழிக்கிறேன்னு பாத்துடலாம்."

செவ்வாய்க்கிழமை பயிற்சியில், கீழே விழுந்த இன்னொருத்தியின் முழங்கால் ஆணியின் நெற்றிப்பொட்டில் இடித்தது. ஆணி எழுந்து இரண்டு எட்டுப் பக்கவாட்டில் நடந்தாள். "வழுக்கிடுச்சு" என்றாள். பயிற்சியாளர் நம்பாமல் அணி டாக்டரிடம் அனுப்பினார்.

டாக்டரம்மாவிடம் ஒரு சோதனை இருந்தது. பத்து வார்த்தை வாசிப்பார். திருப்பிச் சொல்ல வேண்டும். ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். ஆட்டப் பருவத்தின் தொடக்கத்தில், நல்ல நிலையில் இருக்கும்போதே எல்லோருக்கும் ஒருமுறை வைத்து மதிப்பெண்ணை எழுதிக்கொள்வார். தலையில் அடிபட்டால் புது மதிப்பெண்ணை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். குறைந்திருந்தால் ஆட்டம் கிடையாது.

பழைய ஆட்டக்காரிகளுக்கு இதில் ஒரு வித்தை தெரியும். முதல் சோதனையிலேயே மக்குபோல நடந்துகொள்வார்கள். அப்போது ஆணியும் வேண்டுமென்றே நான்கு வார்த்தை மட்டும் சொல்லி, ஒற்றைக்காலில் தள்ளாடிக் காட்டியிருந்தாள்.

இப்போது முழு மனதோடு முயன்றாள். ஆறு வார்த்தைதான் வந்தது.

டாக்டரம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "என்னம்மா இது, அடிபட்டதும் உனக்கு மூளை வளந்திருக்கு?"

"கேலி பண்ணாதீங்க டாக்டர்."

வேறு குறை எதையும் அவள் சொல்லவில்லை. கையெழுத்துக் கிடைத்தது. வெளியே வந்தவளுக்கு விளக்குகள் கண்ணைக் குத்தின.

புதன்கிழமை முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் மாடிப்படி ஏறினாள், இறங்கினாள். பூட்ஸைத் துடைத்து வைத்தாள். மறந்துபோய் மறுபடி துடைத்தாள்.

வியாழக்கிழமை தங்கை நாடாவைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"அக்கா, இதுல ஒம்பதுதான் இருக்கு."

"நல்லா எண்ணுடி."

"ரெண்டு வாட்டி எண்ணிட்டேன். இதோ, இதுல பதினொண்ணு. முந்தினதுல எட்டு." தங்கை குரலைத் தாழ்த்தினாள். "காய்ச்சல்லகூட உன் கட்டு தப்பினதில்ல. என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வேலையப் பாரு."

ஆணி அந்தக் கட்டைப் பிரித்து எண்ணத் தொடங்கினாள். ஆறுக்குப் பிறகு என்ன என்று தெரியாமல் கை நின்றது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். மறுபடி ஆறில் நின்றது. விரிப்பின் சூடு உள்ளங்கையில் ஏறிக்கொண்டிருந்தது. சோதனையை ஏமாற்றலாம்; இந்த விரிப்பை எப்படி ஏமாற்றுவது?

மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு நேரே டாக்டரம்மாவிடம் போனாள். நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்.

டாக்டரம்மா அவளுடைய பழைய மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தார். "நீ மட்டுமா, எல்லாருமேவா?"

ஆணி சுவரைப் பார்த்தாள்.

"சரி. நீ பதில் சொல்லாததே எனக்குப் போதும்."

மறுநாள் அணி முழுவதும் வரிசையில் நின்று மறுபடி சோதனை கொடுத்தது. "ஒன்னால எங்க எல்லாருக்கும் பரீட்சைடி" என்று பல்லைக் கடித்தாள் ஸ்க்ரமில் ஆணிக்குப் பக்கத்தில் நிற்பவள். அப்படிச் சொன்னவள் மட்டும் பத்துக்குப் பத்து வாங்கினாள். ஆணியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை பார்வையாளர் வரிசையில், தங்கைக்கும் அம்மாவுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்கடி நிப்ப?" என்று அம்மா கேட்டாள்.

"அதோ, முன்னாடி. இடது ஓரத்துல ஒரு பொண்ணு நிக்குதே, அங்க."

பதினாறு பேரும் குனிந்தார்கள். நடுவர் குரல் கொடுத்தார். தோள்கள் மோதிய சத்தம் இங்கு வரை கேட்டது. அவள் இடத்தில் இருந்த சின்னப்பெண்ணின் கால் மண்ணைக் கீறிக்கொண்டு பின்னே போயிற்று.

"முதுகை நேராக்கு! கால எடுக்காத!"

அம்மா முகத்தைச் சுளித்து அவளைப் பார்த்தாள். "கத்தினது போதும். கொஞ்சம் தள்ளி உக்காருடி. என் தோள இடிச்சு இடிச்சு என்னைய நாற்காலியோட தள்ளிக்கிட்டிருக்க."