மேகத்தைக் கும்பிட்டவர்

“ஆகாசத்தப் படிச்சி இன்னாமா பண்ணப்போற?” என்று, செயற்கைக்கோள் பற்றிப் படித்த என்னைக் கேட்டவர், எங்கள் தெரு ஏ.டி.எம். காவலாளி. மகன் கொடுத்த ராணுவத் தொப்பியைக் கழற்றவே மாட்டார்.

தெருவில் தறிக்கான பட்டுநூல் பாவை நீட்டியிருக்கையில் மேகம் திரண்டால், நனைந்துவிடுமே என்று நாங்கள் பதறுவோம். அவரோ கும்பிடுவார். “நீங்க கத்திக்கினே இருங்கபா. இதுமாரி லடாக்லயும் மேகம் மூடுனாதான், பார்டர்ல நிக்கிற என் புள்ளைய சீனாக்காரன் மேலேர்ந்து பாக்க முடியாது.”

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். பெருமையாகவே சொன்னேன்: “இப்ப அவங்க ராடார் சேட்டிலைட்டு மேகத்தத் தாண்டியும் பாக்கும், பெரிப்பா.”

“ராத்திரிலயுமா?”

“ராத்திரிலயும்.”

“நம்மகிட்ட?”

“இருக்குது. அவங்ககிட்டதான் அதிகம்.”

கும்பிட்ட கை இறங்கியது. அதன்பின் அவர் மேகத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை. நானோ ராடார் படங்களை ஆராயும் மேற்படிப்பில் சேர்ந்துவிட்டேன். பெங்களூரில் விடுதியும் பார்த்தாயிற்று.