அக்காவுக்கு வெளிச்சம் ஆகாமல் போன கோடை

மயூர் விஹார் வீட்டின் குளியலறையில், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து அக்கா இட்லி தின்ற காலையை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பு வருகிறது. அவள்மேல் அல்ல. எங்கள் வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதான். மற்ற அறைகளில் டில்லியின் மே மாத வெயில் திரையையும் மீறி உள்ளே வந்தது. செல்போன் வெளிச்சம் பட்டால்கூட அவள் கண்களில் நீர் கொட்டியது.

சிறு வயதிலிருந்தே தடித்த கண்ணாடி அணிந்தவள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா அதைக் கழற்றச் சொல்லி, சந்தையில் மாடு பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எல்லாம் பிடிச்சிருக்கு. கல்யாணத்துக்கு மட்டும் இந்தச் சோடாபுட்டி வேண்டாம்" என்றாள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதற்கும் சிரித்தார்கள். நிச்சயம் முடிந்த கையோடு லேசர் சிகிச்சை நடந்தது.

பார்வை பளிச்சென்று வந்தது. சில வாரங்கள் கழித்துத்தான் கண் கூசத் தொடங்கியது. சிகிச்சை செய்த இடத்துக்கு ஓடினோம். சென்ட் மணக்க உட்கார்ந்திருந்த டாக்டர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். கண்ணீர் வழிய வழிய அக்கா கடைசி வரிவரை படித்தாள். "அச்சா! பார்வை பர்ஃபெக்ட். இது வெறும் கல்யாண டென்ஷன்" என்று எங்களை அனுப்பிவிட்டார். வெளியே, கண்ணாடி போட்ட இன்னொரு பெண்ணுக்கு ஜூஸ் கொடுத்து உபசரித்துக்கொண்டிருந்தார்கள்.

செய்தி மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டியது. "குருட்டுப் பெண்ணை எங்க தலையில கட்டப் பார்க்கறீங்களா?" என்று அந்த அம்மாள் போனில் கத்தினாள்.

பிறகு பார்த்த ஒரு பெண் டாக்டர், அறை விளக்கை அணைத்துவிட்டு எங்களிடம் பேசினார். லேசருக்குப் பின் அபூர்வமாகச் சிலருக்கு இப்படி வரும், பார்வை நன்றாகவே இருக்கும், வெளிச்சம் மட்டும் தாங்காது, இது கற்பனை இல்லை என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் அக்கா உடைந்து அழுதாள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தில் மெல்ல மெல்லக் கூச்சம் அடங்கியது.

உடனே மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். "சரியாயிடுச்சாமே! முகூர்த்தம் பார்த்திடலாமா?" அம்மா ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "சரின்னு சொல்லிடட்டுமாடி?" என்று ஆசையோடு கேட்டாள். அக்கா ரிசீவரை வாங்கினாள். "கண்ணு சரியாயிடுச்சு அத்தை. ஆனா உங்க வீட்டுக்கு நான் வரல."

இப்போது அவள் உச்சிவெயிலில் பால்கனியில் நின்று துணி உலர்த்துகிறாள். வருகிற உறவினர்களிடம் அம்மா மட்டும், "கண்ணு பிரச்சினையால கல்யாணம் நின்னுபோச்சு" என்று பெருமூச்சு விடுவாள். "நின்னுபோகல அம்மா, அவ நிறுத்தினா" என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.