தோளில் இருந்த கை

கத்தரி என்றால்தான் அந்த மாடியில் அவளை எல்லோருக்கும் தெரியும். எட்டுக் கம்ப்யூட்டர் போட்ட அறை. வீடியோ கேம் பொம்மைகளுக்குப் பின்னாலிருக்கும் நிறத்தை அழிப்பதுதான் வேலை. ஒரு வீரன் ஓட எட்டுப் படம், விழுந்து சாகப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் மயிரிழை தப்பாமல் ஓரம் வெட்ட வேண்டும். மிஷினிடம் விட்டால் பச்சைப் பின்னணியோடு வீரனின் பச்சைக் கண்ணையும் சேர்த்துத் தின்றுவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதினோரு வருஷம் வெட்டினாள்; கண் கெட்டதுதான் மிச்சம்.

"வெட்டி முடிச்சா அதே பேர்ல, பழசு மேலயே சேவ் பண்ணு. ரெண்டும் கலந்துச்சுன்னா என் தலைதான் உருளும்" என்பார் சூப்பர்வைசர். அது அவள் விரலிலேயே ஊறிப்போயிருந்தது.

அவளுடைய அண்ணன் சரக்கு லாரியிலிருந்து விழுந்து செத்தான். ஒரு வாரம் கழித்து அண்ணி போன் செய்தாள்.

"சுவத்துல மாட்ட அவர் படம் ஒண்ணுகூட இல்லம்மா. கேமராவப் பாத்தா ஓடுற மனுஷன். உன் போன்ல காட்டினியே, அதுலேருந்து ஏதாவது செஞ்சு குடு."

இருந்தது அது ஒன்றுதான். ஆபீஸ் வாசலில் எடுத்தது. நழுவப் பார்த்தவனை அவள் தோளோடு இறுக்கிப் பிடித்திருப்பாள்.

மதியச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, போனைக் கம்ப்யூட்டரில் மாட்டி, போனிலிருந்தபடியே அந்தப் படத்தைத் திறந்தாள். அழுதால் ஓரம் தெரியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முதலில் தன்னை அழித்தாள். பிறகு தோளிலிருந்த நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, சட்டைக் கோடுகளை இழுத்து அந்த இடத்தை மூடினாள். என்ன கைவேலை அது! பெற்றவளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பிரிண்ட் போட்டு, சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அண்ணி அதை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"கை எங்க?"

"எந்தக் கை அண்ணி?"

"உன் கைதான். அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரே, 'கழுதை என்னை ஓட விடல'ன்னு. அந்தக் கை இருக்கட்டும்மா. பழைய படத்துலேருந்து இன்னொண்ணு எடுத்துக் குடு."

"அதுக்கென்ன அண்ணி" என்று போனை எடுத்துப் படத்தைத் திறந்தாள். அட பாவி மகளே, பழசு மேலேயே சேவ் பண்ணியிருந்தாள். போனிலும் அண்ணன் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான், பிடிக்க ஆளில்லாமல்.

"இல்ல அண்ணி," என்றாள். "நானே அழிச்சிட்டேன்."