ஒரு கோடு விழுந்தால் நிம்மதி

வாத்தின் பின்பக்கத்தில் பஞ்சுக் குச்சியைச் செருகி எடுப்பதற்கும் சர்க்காரில் சம்பளம் உண்டு. வேலை என்னவென்று சொன்னதும் எதிரில் இருப்பவர் நாற்காலியை நகர்த்திக்கொள்ளும் சக தோழர்களே, இது உங்களுக்காக.

பறவைக் காய்ச்சல் பீதி கிளம்பிய குளிர்காலக் கடைசி. நான் தலைநகரில், யமுனைக் கரைப் பண்ணைகளில் வாத்து பிடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சரோஜா, “இது அடங்கட்டும், வரோம்” என்று குழந்தை வித்யாவுடன் திருச்சிக்குப் போய்விட்டாள். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் நானும் குக்கரும்தான்.

கால் மணி நேரம்

குச்சியை மருந்துத் தண்ணீரில் கலக்கி, சோதனைப் பட்டையில் சில சொட்டு விட்டால் கால் மணியில் தெரிந்துவிடும். ஒரு கோடு என்றால் பிழைத்தது. இரண்டு என்றால் மாதிரி பெரிய ஆய்வகத்துக்குப் போகும், அங்கும் உறுதியானால் பண்ணையையே அழித்துவிடுவார்கள். வாத்து பொல்லாதது, கிருமி இருந்தாலும் முகத்தில் காட்டாது. அதனால் பண்ணைக்காரர் பிரிஜ்லால் வாத்தைப் பார்க்கவே இல்லை, பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைத் தரையில் வைத்ததும் பதறிவிட்டார்.

“கொஞ்சம் உசரத்துல வையுங்க சாப், பகவான் கண்ணுலயும் படட்டும்!”

ஜன்னல்

மாதிரிப் பெட்டியோடு நான் ஏறினால் ஆபீஸ் ஜீப் டிரைவர் வாயில் கர்சீப் கட்டிக்கொண்டு, எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துத்தான் ஓட்டுவார். பல் தந்தியடித்தது. குளிருகிறது, சாத்துங்கள் அண்ணா என்று கெஞ்சினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஜலதோஷத்துக்கு மருந்து இருக்கு சார்ஜி, உங்க பெட்டியில இருக்கறதுக்கு இருக்கா?”

சுண்டல்

வாரம் பூராவும் வாத்தோடு பேசி அலுத்து, தமிழ் கேட்கலாம் என்று மலை மந்திர் கோயிலுக்குப் போனேன். வழக்கமாகத் தோளில் கை போட்டுப் பேசும் பக்கத்து பிளாக் நண்பர் தொன்னையோடு வந்தார். நாலடி தள்ளியே நின்றார். நன்றாகக் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அழுகை வரும்போல இருந்தது.

“தப்பா நினைச்சுக்காதீங்கோ சார், இந்தப் படியில வெச்சுட்டுப் போறேன், எடுத்துக்குங்கோ.”

நிழல்

கடைசிச் சுற்று. இதுவும் சுத்தமாக இருந்தால் கண்காணிப்பை முடித்துவிடுவோம் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். முடிந்தால் சரோஜா வருவாள். பிரிஜ்லால் பண்ணைப் பட்டையில் முதல் கோடு பளிச்சென்று வந்தது. பக்கத்தில் இரண்டாவது கோடு போல ஒரு நிழல்.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். வெயிலில் பிடித்தேன், நிழலில் பிடித்தேன். இல்லை என்று எழுதிவிட்டால் அவருக்குப் பண்ணை, எனக்குக் குடும்பம். அந்த ஊரிலேயே என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த ஒரே மனுஷன் அவர்தான்.

“எனக்கு ஒண்ணுதான் தெரியுது சாப், உங்களுக்கு?”

எஸ்.டி.டி. பூத்

எனக்கு இரண்டு தெரிந்தது. மாதிரியை அனுப்பினேன். முடிவு வரும்வரை தினமும் ஆபீஸ் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில், நோய் இல்லை என்று வந்தது. முதலில் பிரிஜ்லாலிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், அவர் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் திருச்சிக்குப் போன் போட்டேன். வாத்தெல்லாம் சுத்தம், கிளம்பி வாருங்கள் என்று கத்தினேன். வித்யாதான் எடுத்திருந்தாள்.

“எல்லா வாத்தையும் டெஸ்ட் பண்ணினீங்களேப்பா, உங்களை யாரு பண்ணினா?”

கால் மணி நேரத்தில் ஒரு வாத்தைச் சுத்தம் என்று சர்க்காரையே நம்பவைக்கிற எனக்கு, பெண்டாட்டியை நம்பவைக்க மே மாத லீவு வரை ஆயிற்று.