நாலு மணி ஷட்டர்

புதிதாக எந்தக் கடைக்குப் போனாலும் மணிமொழியைப் பார்த்ததும் கேட்பார்கள்: "மெக்கானிக் வரலியாம்மா?"

"வந்தாச்சு. இந்தா நிக்கறாருல்ல" என்று சொல்லிவிட்டு, டெஸ்டரைக் காதின் மேல் செருகிக்கொண்டு மேசைக்கடியில் குனிந்துவிடுவாள். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

குரும்பலூர்க்காரி. அப்பா மானாவாரியில் சோளமும் பருத்தியும் போடுகிறவர். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தபோது அவளைச் சென்னைக்கு அனுப்ப வீட்டில் பயந்தார்கள். வீட்டில் சும்மா உட்கார அவள் பயந்தாள். அதனால் பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை, கம்ப்யூட்டர் இருக்கிற கடை, பள்ளிக்கூடம், உர டிப்போ என்று பஸ் ஏறிப் போய் ரிப்பேர் பார்த்தாள். 2007இல் அவளுக்கு இருபத்தாறு வயது.

அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. என்ன கோளாறு என்றாலும் முதலில் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்வாள். ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பிறகு ஒவ்வொன்றாகப் போடுவாள். கடைக்காரர்கள் எரிச்சல்பட்டால், "எல்லாரும் ஒண்ணா பேசுனா எவன் புளுகுறான்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கறது?" என்பாள்.

அந்த வழக்கத்தை அவள் ஒரே ஒரு முறை விட்டாள். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த உத்திராபதி, இன்டர்நெட் அடிக்கடி அறுந்துபோகிறது என்று கூப்பிட்டிருந்தார். வயர்களை எலி கடித்துத் தின்றுவிட்டதால் அவர் வயர்லெஸ் ரூட்டர் வாங்கி மாட்டியிருந்தார். அன்றைக்கு அவளுக்கு அரியலூரில் ஒரு வேலை. நின்றபடியே பார்த்துவிட்டு, "லைன்ல கோளாறுண்ணே. டெலிபோன் ஆபீஸ்ல எழுதிக் குடுங்க" என்று சொல்லி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது உத்திராபதி பிடித்துக்கொண்டார்.

"லைன்மேன் வந்து பாத்துட்டு லைனு தங்கமாட்டம் இருக்குங்கறான். எனக்குக்கூட பரவால்லம்மா. அந்தச் செல்லப்பன் மூஞ்சியப் பாக்க முடியல."

செல்லப்பன் தச்சர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. எழுதப் படிக்கத் தெரியாது. மனைவி இறந்து நாலு வருடம். ஒரே மகள் பிரவீணா கல்யாணமாகிச் சிங்கப்பூரில் இருந்தாள். அப்பாவுக்கும் மகளுக்கும் கைதான் மொழி. அந்த வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மொழி. போன் இருந்து அவருக்கு என்ன பயன்? அதனால் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு உத்திராபதியின் கடையில் கேமரா வைத்த கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்காருவார். அவள் திரையில் வருவாள்.

போன ஞாயிறு வந்தவளுக்குப் பிரசவமாகி நாலு நாள். அவள் கையை வயிற்றில் வைத்தாள். அந்தக் கை மேலே எழும்பித் தொட்டிலாக வளைந்தால் குழந்தை பிறந்தது என்று பொருள். கீழே தொங்கினால் போய்விட்டது என்று பொருள். கை வயிற்றோடு நின்றது. முகம் கட்டம் கட்டமாக உடைந்து, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல், படம் உறைந்துவிட்டது.

"மாப்ள எனக்கு போன் பண்ணிச் சொல்லிட்டாரு. பொண்ணு பொறந்துருக்கு, தாயும் புள்ளையும் சொகம்னு. நானும் தொட்டில் ஆட்டி ஆட்டிக் காட்டுறேன். மனுசன் நம்ப மாட்டேங்கறாரு."

"ஏண்ணே?"

"அவரு சம்சாரம் திருச்சி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, நாங்க அத்தன பேரும் கட்ட விரலத் தூக்கித் தூக்கிக் காட்டுனோம். நல்லாருக்கு, நல்லாருக்குன்னு. கடசியில வண்டியில கொண்டாந்து எறக்குனதத்தான் பாத்தாரு. அதுலேருந்து அடுத்தவன் கைய நம்பறதில்ல. மக கைதான் சொல்லணும். இந்த ஒரு வாரமா உளியத் தொடலையாம்."

மணிமொழிக்கு அன்று ராத்திரி முழுக்க, ஓடிப் பிடித்த அந்த அரியலூர் பஸ்தான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே மூன்று மணிக்குப் போய் நின்றாள். செல்லப்பன் அதற்கு முன்பே வந்திருந்தார். சலவைச் சட்டை, காதின் மேல் பென்சில். அவள் டெஸ்டரை எடுத்துத் தன் காதில் செருகியதும் அவர் கண் அதில் ஒரு கணம் நின்றது.

"எல்லாத்தையும் அணைங்கண்ணே."

மின்விசிறிகூட நின்றது. அந்த ஒரு நிமிடத்தில் செல்லப்பன் எழுந்து வந்தார். பக்கத்துச் சுவரைத் தட்டிக் காட்டினார். இரண்டு கைகளையும் தாழ்த்தி, மேலே மேலே தூக்கினார். பிறகு கையை வயிற்றில் வைத்து அப்படியே சிலையாக நின்றார்.

"சாமி வந்துருச்சா என்னா?" என்றார் உத்திராபதி.

செல்லப்பன் தலையில் அடித்துக்கொண்டார். நேரே வாசலுக்குப் போய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி, தடதடவென்று ஏற்றினார். தரை அதிர்ந்தது, மேசை அதிர்ந்தது. திரும்பி அந்தச் சுவரைக் காட்டினார்.

மணிமொழிக்குப் பிடிபட்டது. கேட்கிற காதுகள் அத்தனைக்கும் தெரியாத விஷயம், நாற்காலி வழியாக இவர் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்துக் கடை ஷட்டர் ஏறுகிறது, படம் நிற்கிறது.

"அண்ணே, அந்தாண்ட யாரு கடை?"

உத்திராபதியின் முகம் சுருங்கியது. "அது இருக்கு ஒண்ணு. எங்கூடப் பொறந்தது."

தம்பி நல்லதம்பியின் ஜெராக்ஸ் கடை. தை மாதம்வரை இரண்டும் ஒரே கடை. சண்டை வந்து நடுவில் சுவர் எழுந்தது. டெலிபோன் லைன் மட்டும் அப்பா பேரில் ஒன்றாகவே இருந்ததால், சுவரில் ஓட்டை போட்டு ஒரு வயரைத் தம்பி பக்கம் விட்டிருந்தார்கள். பேச்சுவார்த்தை கிடையாது. ஞாயிறன்று நல்லதம்பி சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நாலு மணிக்கு மேல்தான் கடையைத் திறந்து, கையோடு ரூட்டரையும் போடுவான்.

மணிமொழி போய், கடை மாடியில் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பிக் கூட்டி வந்தாள். அவனிடமும் அதே ஜாதி ரூட்டர், திருச்சியில் அதே கடையில் வாங்கியது. இரண்டு ரூட்டருக்கும் வைத்திருந்த பேரும் மதுரகாளி.

"எங்க குலசாமி. அவரு வெச்சா நான் வெக்கக் கூடாதா?" என்றான் நல்லதம்பி.

"பேர்ல ஒண்ணும் தப்பில்லண்ணே. ரேஷன் கடையில ஒரு கூட்டத்துக்கு ரெண்டு பேரு தனித்தனியா டோக்கன் குடுத்தா என்னாவும்? ஏழாம் நம்பர் ரெண்டு பேருகிட்ட இருக்கும். அடிதடிதான். உங்க ரெண்டு பொட்டியும் அதத்தான் பண்ணுது. நாந்தான் தலைமைன்னு ரெண்டும் ஒரே நம்பர்ல உக்காந்துக்கிட்டு, கம்ப்யூட்டருக்கெல்லாம் டோக்கன் குடுக்குது. ஒண்ணு நிறுத்திக்கணும். அதோட நம்பரையும் மாத்திடறேன்."

"எது நிறுத்தணும்?"

"லைனு உங்கண்ணன் பொட்டிக்கு வருது. அதனால உங்களுதுண்ணே."

"அதானே பாத்தேன்! என் பொட்டி அவருக்கு எடுபிடியா? அவரு நிறுத்தட்டும்னு சொல்லும்மா."

"முடியாதுன்னு சொல்லும்மா" என்றார் உத்திராபதி, தம்பிக்கு நேரே நின்றுகொண்டு.

மணி மூன்றே முக்கால். மணிமொழி இருவரையும் விட்டுவிட்டுச் செல்லப்பனைப் பார்த்தாள். அவர் கையை வயிற்றில் வைத்தபடி, மகளின் அந்தப் பாதிக் கையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலே தூக்கவும் பயம். கீழே விடவும் பயம்.

நல்லதம்பியும் பார்த்துவிட்டான். அவனும் ஆஸ்பத்திரி நாட்களில் கட்டை விரலைக் காட்டியவர்களில் ஒருவன்தான்.

"மாத்தும்மா" என்றான். "பேரு மட்டும் இருக்கட்டும்."

பின்கதவு வழியாகப் போய் அவன் ரூட்டரைத் தனியாகக் கழற்றி, ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, நம்பரை மாற்றினாள். டோக்கன் கொடுப்பதை நிறுத்தினாள். இரண்டும் காற்றில் முட்டிக்கொள்ளாமலிருக்கச் சேனலையும் தள்ளி வைத்து, அதை அவன் கடையிலேயே திரும்ப மாட்டினாள். வேலை முடிந்ததும் செல்லப்பனைப் பார்த்துப் பழக்கத்தில் அவள் கட்டை விரல் எழுந்தது. சட்டென்று மடக்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான் போயிக் கடையத் தொறக்கவா, வேண்டாமா?" என்றான் நல்லதம்பி.

"படம் ஓடறப்பவே தொறங்கண்ணே. அப்பத்தான் தெரியும்."

நாலு மணிக்குப் பிரவீணா வந்தாள். மெலிந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கையை வயிற்றில் வைத்தாள். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஷட்டர் ஏறியது. செல்லப்பனின் முதுகு விறைத்ததை மணிமொழி கண்டாள். அவர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

அவள் அவர் தோளைத் தொட்டுத் திரையைக் காட்டினாள். கை மேலே வந்துகொண்டிருந்தது. நெஞ்சுவரை வந்தது, தொட்டிலாக வளைந்தது, ஆடியது. பிறகு அந்தத் தொட்டிலுக்குள் நிஜமாகவே ஒரு துணிப்பொட்டலத்தை யாரோ வைத்தார்கள். அது கட்டை விரலை உள்ளே மடக்கிக் கைமூடிக் கொட்டாவி விட்டது.

செல்லப்பன் தன் கட்டை விரலை மடக்கிக் கைமூடிக் காட்டினார். பேத்திக்கு அவர் வைத்த பேர் அது.

பிரவீணா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் நிற்பது யார் என்று கேட்டாள். அவர் காதின் மேல் ஒரு விரலைச் செருகி, பிளக்கைப் பிடுங்குவதுபோல் கையை இழுத்தார். அவள் சிரித்துவிட்டாள்.

"அக்கா, உங்களுக்கும் பேரு வெச்சுட்டாரு."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் படம் நிற்கவில்லை. ஆனாலும் நல்லதம்பி நாலு மணிக்கு ஷட்டரை ஒரேயடியாக ஏற்றுவதில்லை. சாண் சாணாக, தரை அதிராமல் தூக்குவான். காது கேட்காதவருக்காக எதற்கு இப்படிச் சத்தமில்லாமல் திறக்கிறான் என்று தெருவில் சிரிப்பார்கள். உத்திராபதி மட்டும் சிரிக்கமாட்டார். ஒரு ஞாயிறு, அடிப்பக்கம் சிக்கிக்கொண்ட ஷட்டரின் மறுமுனையை அவரே போய்ப் பிடித்துத் தூக்கிவிட்டார்.